அவசரப்படாத தண்ணீர்

தண்ணி தண்ணி என்றவளுக்கு
மூன்று நாளும் கொடுத்தது நான்தான்.
சர்பத், ஐஸ் மைலோ,
சம்பள நாள் என்பதால் பெரிய போத்தலில் ஹண்ட்ரட் பிளஸ்.
குடித்தாள், கழிப்பறைக்கு ஓடினாள், வந்து மறுபடி குடித்தாள்.
கழிப்பறைத் தரையில் சாரை சாரையாய் எறும்பு.
மருந்து அடித்தேன்.

நான்காம் நாள் வாந்தி.
டவுன் கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று
வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள்.
இரவு அவள் மூச்சு
குலை ஏற்றிய லோரி மேடேறுவதுபோல் வாங்கியது.
வாயில், மூடி வைத்து மறந்த பலாச்சுளையின் வாசம்.

சிலிம் ரிவர் மருத்துவமனையில்
விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தார்கள்.
மீட்டரில் எண் வரவில்லை.
'ஹை' என்று மட்டும்.
பதினோரு வருடமாக மீட்டர் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
எண் காட்டாத மீட்டர் என்ன சொல்கிறது என்று
யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

எடை பத்தொன்பது கிலோ.
பள்ளி திறந்தபோது இருபத்து மூன்று.
சட்டை தொளதொளப்பதைப் பார்த்து
உயரம் போடுகிறாள் என்று சொல்லியிருந்தேன்.

இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை, வலதிலும்.
மிஸ்ஸி ரோஹாயா பாதத்தைத் தட்டித் தட்டி
ஒன்றைக் கண்டுபிடித்தாள்.
முதல் மணியில் நூற்றுத் தொண்ணூறு மில்லி சலைன்.
பிறகு பம்பின் எண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

"அப்பா, தண்ணி."

உதடு வெடித்திருந்தது. நாக்கு மரப்பட்டை.
கத்திவிட்டேன்.
பிள்ளை காய்ந்து கிடக்கிறாள், பை நிறையத் தொங்குகிறது,
திறந்துவிட்டால் என்ன கேடு?
"பெலான்-பெலான்" என்றாள் ரோஹாயா,
"நாற்பத்தெட்டு மணி நேரம்."
டாக்டர் ஹியூ தன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து
கைகளை மெல்ல அகட்டிக் காட்டினார்.
மூளை வீங்கலாம்.

வாயை மூடிக்கொண்டேன்.

எண்ணெய் ஆலையில் என் வேலை கொதிகலன்.
மட்டக் கண்ணாடியில் தண்ணீர் காணாமல் போனால்
கை தானாக வால்வுக்குப் போகும்.
அந்தக் கையைக் கட்டிப்போடத்தான் பயிற்சி.
காய்ந்து சிவந்த இரும்புக்குத் தண்ணீர் திறந்தவன்
அடுத்த நிமிடத்தைப் பார்ப்பதில்லை.
தீயைக் குறை. நில். பொறு.
இதற்கு எனக்குச் சான்றிதழே இருக்கிறது,
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்,
லோஷினி ஓட்டப்பந்தயத்தில் நிற்கும் படத்துக்குப் பக்கத்தில்.

பிறகு இன்சுலின்.
மணிக்கொரு முறை விரலில் குத்தினார்கள்,
கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்,
"தலை வலிக்குதா?" என்று ரோஹாயா கேட்டாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டரை மணிக்குப் பை மாறியது.
புதியதில் சர்க்கரை.
"சர்க்கரையா?"
"சர்க்கரைதான். ரத்தத்தில் புளிப்பு இன்னும் போகவில்லை,
இன்சுலினை நிறுத்த முடியாது.
இறங்குவதும் மெதுவாகத்தான் இறங்க வேண்டும்."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அழுத்தம் இறக்குவதற்கும் ஆலையில் கணக்கு உண்டு.

விடிகிற நேரம்
மூச்சு சமதரைக்கு வந்தது.
இரவு ஷிப்ட் முடித்த தொழிற்சாலைச் சட்டையோடு
வளர்மதி பஸ்ஸிலிருந்து ஓடிவந்தாள்.
கட்டிலைத் தொடவில்லை. பம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ரோஹாயா டார்ச்சோடு குனிந்தாள்.
"தலை வலிக்குதா?"
"வலிக்கல. நீங்க கேட்டுக் கேட்டுத்தான் வலிக்குது."
வளர்மதி சிரித்தாள், நின்றவாக்கிலேயே,
பிறகு அது சிரிப்பாக இல்லை.

இன்னும் முப்பத்தைந்து மணி நேரம்.

துண்டு எடுக்கக் கீழே போனேன்.
மோட்டார் சைக்கிள் கூடையில்
பாதி மிச்சமிருந்த ஹண்ட்ரட் பிளஸ்,
மூடியைச் சுற்றி எறும்பு.
இந்த முறை தட்டிவிடவில்லை.
நின்று பார்த்தேன்,
என் வீட்டுக்கு முதலில் வந்து சொன்னவை.